வரி இல்லாத சந்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஏப்ரல் 12, ஞாயிறு

இசக்கிராஜ் பெரியப்பா தாராவியை விட்டு டோம்பிவிலிக்குக் குடிபோகிறார். புதுப் பிளாட்டில் சுவர் மெலிசாம். கொஞ்சம் சத்தம் வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்களாம். அதனால் தன்னுடைய ஹோம் தியேட்டரை அட்டைப்பெட்டியோடு எங்கள் அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். ரிசீவர் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டி எங்கள் கேஸ் அடுப்பைவிடப் பெரியது. கூடவே மூன்று ஜோடி ஸ்பீக்கர்.

நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறது. மே ஐந்தாம் தேதி கொடை, எங்கள் அம்மனுக்கு வருடத் திருவிழா. இந்த வருடம் தெருவில் பெரிய பாக்ஸ் வைக்க அனுமதி கிடைக்கவில்லை, சின்ன ஸ்பீக்கர்தான். சவுண்டுக்கு என் அண்ணன் சுதன் பொறுப்பு. அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதற்குத் தமிழ்ப்பற்று ஒரு காரணம். இன்னொரு காரணம் அவன்.

சாயங்காலம் எதிர்வீட்டுச் சங்கரேஸ்வரி சித்தி, கமிட்டித் தலைவர் நெல்லையப்பன் மாமாவிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, மூணு ஜோடி இருக்குல்லா? ஒண்ண எங்க பின்சந்துல மாட்டுங்களேன். வருசா வருசம் நாங்க செவுத்துல காத வச்சுத்தான் கத கேக்கோம்."

"ஒரு பெட்டிக்கு ஒரு ஜோடிதாம்மா. மேல போட்டா எரிஞ்சிரும். அம்மன் சொத்துல்லா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு பெட்டிக்கு ஒரு ஜோடிதான் என்றால், அதைச் செய்தவர்கள் எதற்கு மூன்று ஜோடி கொடுக்கிறார்கள்?

ஏப்ரல் 13, திங்கள்

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எழுதிப் பார்க்கிறேன்.

கொடையன்று கோயில் முற்றத்தில் அம்மன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். அங்கே நாற்காலி, மின்விசிறி, ஆம்பளைகள். கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. அங்கே அடுப்பு, அண்டா, பொம்பளைகள். நடுவில் ஒரு சுவர். அதோடு பக்கத்துப் பட்டறை எக்ஸாஸ்ட் விசிறியின் இரைச்சல். அம்மா கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த அடுப்பில்தான் நிற்கிறாள்.

கதையில் சில இடங்களில் குலவை போட வேண்டும். குலவை பொம்பளைகள்தான் போட வேண்டும், ஆனால் பொம்பளைகளுக்குக் கதை கேட்காது. அதனால் ஒரு ஆள் ஓட வேண்டும். சில வருடங்களாக அந்த ஆள் நான். முற்றத்திலிருந்து ஓடிவந்து "குலவை!" என்று கத்துவேன். அவர்கள் கரண்டியைப் பிடித்தபடியே குலவையிடுவார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்று அம்மாவிடம் கேட்டேன். "நம்ம அம்மன் கதை எப்படி முடியும்னு தெரியுமாம்மா?"

"ஏன் தெரியாது? ஊரே கால்ல விழும். அவ மன்னிச்சிருவா. கடைசிக் குலவ அதுக்குத்தான?"

இல்லை. அவள் மன்னிப்பதில்லை. கெஞ்சுகிற ஊரைப் பார்த்து "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதை நான் சொல்லி அம்மா தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் காதாலேயே கேட்க வேண்டும்.

ஏப்ரல் 15, புதன்

அட்டைப்பெட்டியின் அடியில் ரிசீவரின் கையேடு கிடந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. பெரியப்பா இத்தனை வருடம் அதைத் திறக்காமலேயே பாட்டுக் கேட்டிருக்கிறார்! நான் மாட்டுங்காவுக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். கதைப் புத்தகம் என்று நினைத்திருப்பார். கதைப் புத்தகம் மாதிரிதான் இருந்தது.

பெட்டியின் பின்புறப் படத்தில் முன் ஜோடிக்கு ஒரு இடம், பக்க ஜோடிக்கு ஒரு இடம், பின் ஜோடிக்கு ஒரு இடம் இருக்கிறது. எல்லாவற்றிலும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பெட்டிக்குள்ளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். கீழே ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரின் மின்தடை ஆறு ஓமுக்குக் குறையக் கூடாது. ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு ஓம்.

ஓம்! ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோன ஓம். அது நிஜமாகவே ஒரு பொருளின் முதுகில் ஒட்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

அண்ணனிடம் கையேட்டைக் காட்டினேன். அவன் மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏட்டி, வயர்னா எல்லாம் வயருதான். சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட. பஸ், அம்புட்டுதான். இதுக்குப் போயி புக்கு படிக்கா பாரு."

"அப்போ பின்சந்துக்கும் போடலாம்ல?"

"போடலாம், போடலாம். மாமாட்ட யாரு பேசுறது?"

"நீதான்."

மறுபடி மொபைல்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று சோதனை.

முற்றத்தில் ஒரு ஜோடி மாட்டினார்கள். பிறகு நெல்லையப்பன் மாமாவே சொன்னார்: "டீக்கடைப் பக்கம் ஒரு ஜோடி போட்டுருல சுதன். கமிட்டி ஆளுக அங்கனதான உக்காருவாவ." அதாவது இரண்டாவது ஜோடி. ஒரு பெட்டிக்கு ஒரு ஜோடி என்ற சட்டம் ஒரு வாரத்துக்குமேல் தாங்கவில்லை. யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் சொன்னேன். "சின்னப்புள்ள சும்மா இரு" என்றார்கள்.

அப்போது அம்மா பின்சந்து முனையில் வந்து நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தான். மூன்றாவது ஜோடியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தான். அவன் மேல் எனக்குப் பாசம் பொங்கிய ஒரே நிமிடம் அது. அடுத்த நிமிடமே மூன்று ஜோடி வயரையும் சேர்த்து முறுக்கி, முன் ஜோடிக்கு உரிய இடத்திலேயே திணித்துவிட்டான். எங்கள் வீட்டில் ஒரே பிளக்கில் மின்விசிறி, மிக்சி, சார்ஜர் எல்லாம் தொங்குகிற மாதிரி. எங்கள் சந்தில் வயரை எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். "அண்ணா, அது இல்ல, கீழ உள்ள—" என்று கத்தினேன். பாட்டு ஆரம்பித்தது. மாமா "இன்னும் வையி, இன்னும் வையி" என்றார்.

டக். பெட்டி இருண்டது.

"பாத்தியளா? நாஞ் சொன்னேன்லா? பின்சந்துக்கு ஆசப்பட்டு அம்மன் பெட்டிய கொன்னுட்டானுவ!"

டீக்கடை ஜோடியும் அதே இடத்தில்தான் முறுக்கியிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

பெட்டி சாகவில்லை. காலையில் போட்டதும் விளக்கு எரிந்தது. ஆபத்து வந்ததும் தானே நின்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கையேட்டில் அதுவும் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

ஏப்ரல் 22, புதன்

கணக்குப் போட்டேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்று என்றால் எட்டு. அதே இடத்தில் இரண்டைச் சேர்த்து மாட்டினால் நான்கு. மூன்று மாட்டினால் மூன்றுக்கும் கீழே. பெட்டி கேட்பதோ குறைந்தது ஆறு. கூட்டக்கூட ஏன் குறைகிறது என்று ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்கவில்லை. மார்க் வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். இன்று அண்ணனுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது.

"அண்ணா, நம்ம தண்ணி மோட்டார் இருக்குல்ல? ஒரு குழாயத் தொறந்தா அளவா ஓடும். அதே வாய்ல மூணு ட்யூப் மாட்டித் தொறந்துவிட்டா?"

"மோட்டார் திணறும். சூடாகி நின்னுரும்."

"அதான் நடந்துச்சு. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள தனித்தனி மோட்டார் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி வாய் இருக்கு. நீ எல்லாத்தையும் ஒரே வாய்ல சொருகிட்ட."

மொபைலைக் கீழே வைத்தான். "அப்போ மூணுலயும் ஒரே சத்தம் எப்பிடி வரும்? இது சினிமா பாக்குறதுல்லா? முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கேக்கும்."

நல்ல கேள்வி! கையேட்டில் தேடினேன். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தத்தைக் கொடுக்க முகப்பிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. பார்ட்டிகளுக்கு உதவும் என்று போட்டிருக்கிறார்கள். கொடைக்கும் உதவும்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?" என்றான்.

முன்னாடியே இதைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இரண்டாவது சோதனை. மூன்று ஜோடிகளை அதனதன் இடத்தில் நானே மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அண்ணன் மைக்கில் "ஹலோ, செக், செக்" என்றான். பின்சந்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏம்ல கத்துத, மெல்லப் பேசு, இங்க நல்லாக் கேக்கு!" என்று சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி மறுபடி நின்றுபோனது.

நெல்லையப்பன் மாமா முகத்தில் ஒரு நிம்மதி. உண்மையாகவே நிம்மதி, நான் பார்த்தேன். "மூணாவது ஜோடியக் கழத்துல" என்றார்.

நான் கழற்ற விடவில்லை. என் கணக்கு சரி, வேறு எதுவோ தப்பு. கோயில் அறைக்குள் போனேன். பெட்டி அம்மன் சொத்து ஆகிவிட்டதால் பூசாரி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சிவப்புப் பட்டுத் துணியை நான்கு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தார். பட்டின் மேல் கை வைத்தேன். இட்லிக் கொப்பரை மூடி மாதிரிச் சுட்டது. பெட்டியின் மேல்மூடி முழுக்கக் காற்றுத் துளைகள். அத்தனையும் பட்டுக்கு அடியில்.

பட்டை உருவினேன்.

"ஏய், ஏய்! அம்மன் பட்டுல கை வைக்கா பாரு! என்னட்டி நெனச்சிக்கிட்டு இருக்க?"

"மாமா, இதுக்கு வேர்க்குது. மூச்சு விட வழி இல்லாம மூடி வச்சிருக்கீங்க."

"வாய் நீளுதோ?"

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அம்மா கோயில் அறை வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இன்று தாண்டினாள். என் கையிலிருந்த பட்டை வாங்கி உதறி மடித்து, பெட்டி இருந்த மேசையைச் சுற்றிக் கட்டினாள். மேலே இருந்த மாலையை எடுத்து மேசைக் காலில் போட்டாள்.

"மரியாத கொறையல அண்ணாச்சி. போடச் சொல்லுங்க, பாப்போம்."

இருட்டும்வரை பாடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று நிஜம் வந்தது. நெல்லையப்பன் மாமாவே வீட்டுக்கு வந்தார், வந்து பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தாயி, தப்பா எடுத்துக்கிடாத. வரி இல்லாத சந்துக்கு ஸ்பீக்கர் எதுக்குன்னு கமிட்டில கேக்காவ."

கொடை வரி கல்யாணமான ஆண் தலைக்கு ஒன்று. அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டு வரியை எடுத்துவிட்டார்கள். சலுகை என்றார்கள். பாவம், பொம்பளை ஆள் எங்கே போவாள் என்றார்கள். பின்சந்தில் பாதி வீடு அப்படித்தான். சங்கரேஸ்வரி சித்தியின் வீட்டுக்காரர் எங்கேயோ போய்விட்டார், அவளுக்கும் அதே சலுகை. அம்மா பேக் கம்பெனியில் லைனிங் தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். அவளிடம் வாங்க மாட்டார்கள்.

"எம் பேர்ல எழுதுங்க. நான் குடுக்கேன்" என்றாள் அம்மா.

"வழக்கமில்ல தாயி. சுதனுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும். வரி தானா வந்துரும்."

"அதுவரைக்கும் இந்த வீட்டுல நான் யாரு அண்ணாச்சி?"

மாமா தண்ணீரைக் குடித்து முடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அழுதேன். ஓம், கையேடு, நூலகம் எல்லாம் வீண் என்று தோன்றியது. அவர்கள் சொன்ன கணக்கு ஒன்று, மனதில் இருந்த கணக்கு வேறு. ஆனால் இப்போது எழுதும்போது ஒன்று தெரிகிறது. "பெட்டி தாங்காது" என்பதை நான் பொய்யாக்கியிருக்காவிட்டால், "வரி இல்லை" என்பதை அவர் வாயால் சொல்லியே இருக்க மாட்டார். இப்போது சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

மே 2, சனி

கமிட்டி சொல்லி அண்ணன் பின்சந்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டான். ஏணியில் நின்றபடி, "நான் என்ன செய்ய? எல்லாரும் மாமா மாமான்னு இருக்கானுவ" என்றான். நான் அவனோடு பேசுவதில்லை. சாப்பாடு போட்டேன், பேசவில்லை. அது ரொம்பக் கஷ்டம், அவன் ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மாலையில் பின்சந்துப் பொம்பளைகள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். சமைக்க மாட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றாள் ஒருத்தி. அம்மா தலையை ஆட்டிவிட்டாள். அம்மனுக்குப் படைக்காமல் இருக்க முடியாது. அது அம்மன் மேல் சண்டை இல்லையே.

சங்கரேஸ்வரி சித்தி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "சமைப்போம்ட்டி. ஏன் சமைக்காம? சத்தம் பின்னால வராதுன்னா, அடுப்பு முன்னால போவுது."

மே 3, ஞாயிறு

போனது!

காலையிலேயே அடுப்பு, அண்டா, விறகு, கரண்டி, அரிசி மூட்டை எல்லாம் கோயில் முற்றத்துக்கு. நான் தேங்காய்க் கூடையைத் தூக்கினேன். கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட வந்தபோது நாற்காலி போட இடமில்லை. வில்லு வைக்கிற மேடைக்கு நேர் எதிரே அம்மா செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கூத்து? இங்கன அடுப்பு வச்சா நாங்க எங்க உக்கார?" என்றார் நெல்லையப்பன் மாமா.

சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பின்சந்து காலியாத்தான் கெடக்கு அண்ணாச்சி. குளுகுளுன்னு இருக்கும். செவுத்துல காத வச்சா கொஞ்சம் கதகூடக் கேக்கும்."

டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, ஆனால் சிரித்தாயிற்று.

அம்மா ஒத்திகை மாதிரி அடுப்பை மூட்டினாள். பச்சை விறகு. புகை முற்றம் முழுக்கச் சூழ்ந்து கமிட்டிக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு இருமினார்கள். பூசாரி, "ஏதாவது ஒண்ணு செய்யுங்கய்யா, அம்மனுக்குக் கண்ணு எரியும்" என்றார். மத்தியானம் கோயில் அறைக்குள் கூட்டம் போட்டார்கள். கதவை மூடிக்கொண்டார்கள். நாங்கள் அடுப்பை அணைக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பின்சந்தில் ஏணி சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். பழைய மெல்லிய வயருக்குப் பதில் தடித்த வயர் வாங்கிவந்திருந்தான். தூரம் அதிகமானால் தடிப்பாக வேண்டும் என்று கையேட்டில் உண்டு. அதைப் போன வாரமே அவனிடம் சொல்லியிருந்தேன்.

"யார் மாட்டச் சொன்னா?" பேசாத விரதம் அங்கேயே முறிந்தது.

"யாரும் சொல்லல." வாயில் திருகாணி. "வேண்டாம்னும் யாரும் சொல்லல. நீ போயி அங்க பெட்டியில சொருகு. எனக்கு எந்த ஓட்டைன்னு மறந்துபோச்சு."

மறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

மே 5, செவ்வாய் — கொடை

அடுப்பு பின்சந்துக்குத் திரும்பியது. நானும் அங்கேயே உட்கார்ந்தேன். யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் பெரிய சத்தமில்லை. மூன்று ஜோடியும் சேர்ந்து பாடுவதால் ஒவ்வொன்றையும் அளவாகத்தான் வைக்க முடியும். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. முதல் குலவை சரியான இடத்தில் தானாக வந்தது. இரண்டாவதும் அப்படியே.

கதை முடிகிற இடம். ஊர் மொத்தமும் அம்மனின் காலில் விழுந்து கெஞ்சுகிறது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எது வரப்போகிறதென்று தெரியும் என்கிற முகம். வாய்கூடக் குலவைக்குத் தயாராக இருந்தது. ஸ்பீக்கரில் அம்மன் "மாட்டேன்" என்றாள்.

அம்மா கரண்டியை விட்டுவிட்டாள்.

"மாட்டேங்கா!" என்றாள் சித்தியிடம், பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி. "கேட்டியா? மாட்டேங்கா!"

வழக்கமாகக் கடைசிக் குலவை இன்னும் ஒரு பாட்டுக் கழித்து, அம்மன் கோயிலில் குடியேறும்போதுதான். பின்சந்து அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. அந்த "மாட்டேன்" முடிவதற்குள் அம்மா குலவையிட்டாள். பிறகு சித்தி, பிறகு எல்லோரும். சுவரைத் தாண்டி முற்றத்தில் வில்லுப்பாட்டே நின்றுபோனது. பாடுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருந்தது ஸ்பீக்கரில் கேட்டது. குலவை முடிந்த பிறகுதான் அவர் மேலே பாடினார்.

மே 6, புதன்

அம்மா அடுப்பில் நின்ற இத்தனை வருடத்தில் முதல்முறையாக நேற்றுப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. கருகல் வாசனை பந்தி முழுக்கத் தெரிந்தது. இலையில் உட்கார்ந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெல்லையப்பன் மாமா கடைசி வாய்வரை சாப்பிட்டு, "இனிப்பு அளவா இருக்கு தாயி" என்று அம்மாவைப் பார்க்காமல் சொல்லிவிட்டு எழுந்தார்.

காலையிலிருந்து அம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கம்பி நார் தேய்ந்ததுதான் மிச்சம், கறுப்பு போகவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"மயிலு, அடுத்த வருச வரி எழுதுற கூட்டம் என்னைக்குன்னு உங்கண்ணன்ட்ட கேளு."

"ஏம்மா, உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடணுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.